இடப்பக்கத்துப் பல்சக்கரம்

உப்பளத்துப் பம்புக்காரர் தங்கப்பழம் தமது ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் அமலோற்பவம். தூத்துக்குடியில் ஒரு சந்து முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தாள்.

குருவை அவள் என்றும் சீடரை அவர் என்றும் எழுதுவது முறையில்லைதான். வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நடந்தது இதற்கு நேர்மாறு.

தங்கப்பழம் கடலோரத்து அளத்தில் பம்பு ஷெட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். மனைவி முத்துக்கனி ஊருக்குள் வீட்டில் இருந்தாள். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரே குடும்பத்தில் இரண்டு தனிக்குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். பிறகு அது மாதத்துக்கு ஒருமுறை ஆனது.

வைகாசியில் ஒருநாள் முத்துக்கனி சொல்லிவிட்டாள்.

"மக திருப்பூருக்கு வந்து இருன்னு கூப்பிடுதா. ராத்திரிச் சோத்துக்கு நீங்க வீட்டுக்கு வந்தா நான் இங்கனயே கெடக்கேன். இல்லன்னா ஆடி முடிஞ்சதும் அவ கூடப் போயிருவேன்."

"அம்புட்டுத் தூரம் மிதிச்சு வர முட்டி கேக்கணுமே."

"முட்டிய நான் கூப்பிடல" என்றாள் முத்துக்கனி.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா மோட்டார் வச்ச வண்டியோடதான் மிதிப்பேன், பாத்துக்க" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார். சபதம் போடுவதற்கு மட்டும் முட்டி ஒத்துழைத்தது.

மைத்துனர் மகன் ஒருவன் கோயம்புத்தூரில் இருந்தான். சைக்கிளில் மாட்டுகிற சின்னப் பெட்ரோல் எஞ்சினும் அதற்கான சாமான்களும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பி வைத்தான். தங்கப்பழம் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு அமலோற்பவத்தின் கடைக்கு வந்து சேர்ந்தார்.

"மேஸ்திரி, இதச் சட்டுன்னு மாட்டிக் குடுங்க. அவசரம்."

அவள் சாமான்களைச் சாக்கில் பரப்பிப் பார்த்தாள்.

"எஞ்சின் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. யாரும் மாட்டலாம். பின்சக்கரத்துல இந்தப் பல்சக்கரம் உக்காரணும். அதான் வேல."

"உக்கார வச்சிருங்க."

"நான் உக்கார வச்சா, இளகுனா நான்தான் வரணும். உப்புக்காத்துல எல்லாம் இளகும். அம்புட்டுத் தூரம் நான் வரமாட்டேன். நீங்களே மாட்டப் படிங்க."

"படிக்க எம்புட்டு நாளாவும்?"

"அவசரப்பட்டா நாளாவும்."

இப்படித்தான் அவர் சீடரானார்.

அவள் முதலில் அவருடைய பின்சக்கரத்துக் கம்பிகளை எண்ணினாள். நாற்பது இருந்தது. பெட்டியில் வந்த பல்சக்கரம் முப்பத்தாறு கம்பிச் சக்கரத்துக்குச் செய்தது. நாற்பதில் மாட்டினால் போல்ட்டு கம்பியிலேயே போய் இடிக்கும். கடை உத்தரத்தில் தொங்கிய முப்பத்தாறு கம்பிச் சக்கரம் ஒன்றை இறக்கி அவர் முன்னால் போட்டாள்.

"இருபது வருசமா இந்தச் சைக்கிள ஓட்டுதேன். கம்பிய எண்ணிப் பாத்ததில்ல" என்றார்.

"நானும் தேவப்பட்டாத்தான் எண்ணுவேன் அண்ணாச்சி" என்றாள்.

வேலை இதுதான். சைக்கிளின் வலப்பக்கம் பெடலுக்கான செயின் ஓடுகிறது. எஞ்சினுக்கான செயின் இடப்பக்கம் ஓட வேண்டும். ஆனால் இடப்பக்கத்தில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது, வெறும் கம்பிகள்தான். கம்பிகளுக்கு வெளியே ஒரு ரப்பர் வட்டு, உள்ளே ஒரு ரப்பர் வட்டு. வெளியே பல்சக்கரம், உள்ளே இரும்புப் பட்டை. எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பிகளின் சந்து வழியாகப் போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. தங்கப்பழத்துக்கும் அப்படித்தான் இருந்தது.

அளத்துப் பம்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாய் மூட்டில் உப்புத்தண்ணீர் கசிந்தால், கசிகிற பக்கத்து நட்டை முதலில் உயிரைக் கொடுத்து முடுக்குவார்கள். கசிவு நின்றால் மற்ற நட்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். தங்கப்பழம் கைக்கு முதலில் கிடைத்த போல்ட்டைப் பிடித்தார். பல்லைக் கடித்து முடுக்கினார். பிறகு அடுத்தது. வேர்த்துப் போய் நிமிர்ந்தார்.

"முடிஞ்சுது மேஸ்திரி."

அமலோற்பவம் எழுதுகிற சாக்குக்கட்டி ஒன்றைப் பல்சக்கரத்தின் ஓரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்தது.

"அங்கன மட்டும் வெளிய நீட்டுது" என்றாள்.

"அங்கன மட்டும்தான?"

"கழட்டுங்க."

கழற்றினார். மாட்டினார். மறுபடி கோடு விழுந்தது. சக்கரத்தில் பெண்டு இருக்கிறது என்றார். அவள் சக்கரத்தை மட்டும் தனியாகச் சுற்றிக் காட்டினாள். ஒரு நூல்கூட ஆடவில்லை. ரப்பர் ஒரு பக்கம் தடிப்பாக இருக்கிறது என்றார். அவள் ரப்பரைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள். கோடு அதே இடத்தில் விழுந்தது. நட்டின் மேல் பழி போட்டார். வேறு நட்டு கொடுத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கடையில் கூடம்கூடக் கிடையாது, பாதி வேலை தெருவில்தான் நடந்தது.

"மேஸ்திரி, எந்தப் போல்ட்ட மொதல்ல முடுக்கணும்? அதச் சொல்லுங்க போதும்."

அவள் டப்பா ஒன்றை எடுத்து, அதன் இறுக்கமான மூடியை மேலே வைத்தாள்.

"மூடுங்க."

அவர் ஒரு விளிம்பை அமுக்கினார். மறு விளிம்பு எழும்பியது. அதை அமுக்கினார். முதலாவது எழும்பியது. கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிராக வைத்து மெல்ல மெல்ல அமுக்கினார். மூடி உட்கார்ந்தது.

"மொதல்ல எந்தப் பக்கம் அமுக்குனிய?" என்றாள்.

அவர் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

சைக்கிள் கடையிலேயே கிடந்ததால் அவர் தினமும் பொழுது சாயும்போது உப்பு லாரியில் ஏறி, ஊருக்குள் இறங்கி, நடந்து கடைக்கு வருவார். திரும்பிப் போக, மூடை ஏற்ற வெறுமனே போகும் லாரி ஏதாவது கிடைக்கும். பம்பைப் பக்கத்து அளத்துச் சேர்மதுரை பார்த்துக்கொண்டார்.

கடை சாத்துவதற்கு முன்னால் அமலோற்பவம் தூக்குச்சட்டியைத் திறப்பாள். அவள் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில்தான். பிள்ளைகள் இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கு ஆக்கிப் பழகிய கை அவளுடையது. கூடுதலாக இருந்த சோற்றை முதல் நாள் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வேண்டாம்மா."

"நாய்க்குத்தான் போடப் போறேன்."

"அப்பம் சரி" என்று உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து அவள் கேட்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. சூடைக் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டு இருவரும் பல்லைப் பற்றியும் நட்டைப் பற்றியும் பேசுவார்கள். வீட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள். இன்னொருவரிடம் கேட்டால் தன்னிடமும் கேட்பார்கள் என்ற பயம் தனியாக இருப்பவர்களுக்கு உண்டு. அவர் வீட்டுக்குப் போகவரத்தான் வண்டி என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு இன்னும் இரண்டு கவளம் கூடவே இறங்கும். அமலோற்பவத்துக்கு அந்த ஆடிமாதம் அப்படித்தான் இறங்கியது.

அளத்துக்குத் திரும்பினால் தங்கப்பழத்துக்குப் பம்பு மட்டும்தான். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பாத்தி. மரம் கிடையாது. மரம் இல்லாததால் காற்றுக்குக்கூடச் சத்தம் கிடையாது. "சாப்பிட்டுட்டேன்ல" என்று பம்பிடம் சொல்வார். பம்பு தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பம்பு நின்றுபோய்விட்டது. அந்த மௌனத்தில் அவருக்கு அழுகை வந்தது. எதற்கு என்று தெரியாமல் கொஞ்சநேரம் அழுதுவிட்டு, பம்பைச் சரிபண்ணி ஓடவிட்ட பிறகுதான் படுத்தார்.

பல்சக்கரம் ஆடாமல் நின்ற பிறகு அவருக்கு வேறொரு சந்தேகம் வந்தது. முடுக்கிய நட்டு மறுநாள் பார்த்தால் கொஞ்சம் இளகியிருந்தது. ரப்பர் அமுங்குவதால்தான் இளகுகிறது என்று கண்டுபிடித்தார். குருவுக்கே தெரியாத விஷயத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், அவள் ஒரு குழந்தையின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு ரப்பரையும் உருவிப் போட்டுவிட்டு இரும்பையும் கம்பியையும் நேராகச் சேர்த்து முடுக்கினார். கல் மாதிரி நின்றது.

"இப்பம் அசைச்சுப் பாருங்க மேஸ்திரி."

அவள் அசைத்துப் பார்த்தாள். தரையில் கிடந்த ரப்பரையும் பார்த்தாள். சக்கரத்தைச் சைக்கிளில் போட்டு, "ஏறி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றாள்.

சந்தின் மறுமுனை வருவதற்குள், இரும்பு கடித்த இடத்தில் கம்பிகள் படீர் படீர் என்று தெறித்தன. தங்கப்பழம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"தெரிஞ்சுதான் அனுப்புனியளா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்லா?"

"உங்களுக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு" என்றாள்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கோபம் இறங்கக் கொஞ்சநேரம் ஆனது.

"ரெண்டும் இரும்பு. இரும்போட இரும்பு சேந்தா பலம்தான? நடுவுல இந்த ரப்பரு எதுக்கு?"

"அளத்துல உப்புக்கூடை சுமக்குற பொம்பளைக தலையில மொதல்ல என்ன வைக்காக?"

"சும்மாடு."

"எதுக்கு?"

அவர் கீழே கிடந்த ரப்பர் வட்டுகளை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

தெறித்த கம்பிகளுக்குப் பதில் புதுக்கம்பி கோத்து, பெண்டு எடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஆடி பாதி போய்விட்டது. மகள் தன்னைக் கூட்டிப்போக ஆவணி முதல் தேதி காலை ரயிலில் வருகிறாள் என்று லாரி டிரைவர் மூலம் முத்துக்கனி சொல்லி அனுப்பியிருந்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வண்டி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் நாட்களை எண்ண ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, முடிஞ்சிருமா?"

"முடுக்குங்க."

பல்சக்கரம் ஆடாமல் நின்றது. எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். செயினைப் போட்டார்கள். சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்தது, இன்னோர் இடத்தில் துணிக்கொடி மாதிரி தொங்கியது. தொங்குகிற இடத்துக்கு இழுத்து வைத்தால் விறைக்கிற இடத்தில் அறுந்துவிடும் போல இருந்தது. விறைக்கிற இடத்துக்குத் தளர்த்தினால் தொங்குகிற இடத்தில் கழன்று விழுந்தது. இப்படியே இரண்டு சாயங்காலம் போனது.

"எந்த இடத்துக்குச் செயின அளவு பண்ணணும்?" என்று கேட்டார். கெஞ்சுகிற குரலாக இருந்தது.

"எந்த இடத்துக்கும் பண்ணாதீய."

"பொறவு?"

"செயின் என்ன பண்ணும் பாவம்? அதுக்குக் குடுத்தத அது சுத்துது."

அவள் அவர் விரலைப் பிடித்து, பல்சக்கரத்தின் நடு ஓட்டைக்கும் சக்கரத்தின் அச்சுக் குமிழுக்கும் நடுவில் வைத்தாள். மேலே விரல் நுழையவில்லை. கீழே நுழைந்தது. பல்சக்கரம் ஆடவில்லை, ஆனால் நடுவில் இல்லை. தன் கனத்திலேயே ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்திருந்தது. இத்தனை நாளும் அவர் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய டியூபை நீளமாக நறுக்கி, அச்சுக் குமிழைச் சுற்றிலும் ஒரே அளவாகச் சுற்றினார்கள். பல்சக்கரத்தை அதன் மேல் நுழைத்தார். ரப்பர் வைத்தார். ஒரு போல்ட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்று, கொஞ்சம் முடுக்கு, மறுபக்கம் கொஞ்சம் முடுக்கு. அவசரப்படவில்லை. அமலோற்பவம் சாக்குக்கட்டியைப் பிடித்தாள். சுற்றினாள். மேலே, கீழே, எந்தப் பக்கமும் கோடு விழவில்லை. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடியது.

அன்று ஆடி கடைசி நாள்.

பெட்ரோல் ஊற்றினார்கள். தங்கப்பழம் சந்தில் நாலு மிதி மிதித்து, கைப்பிடியில் இறுக்கியிருந்த கிளட்ச் நெம்புகோலை விட்டார். எஞ்சின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வெளியே வந்து பார்த்தார்கள். அவர் பெடலிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி சிரித்தபடி சந்தின் மறுமுனைவரை போய்த் திரும்பினார்.

"மாப்பிள மாதிரி இருக்கீரு வே!" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஆமா, பொண்ணுதான் பாக்கப் போறேன், நாளைக்கு!" என்று இவரும் கத்தினார்.

வண்டியை நிறுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அமலோற்பவம் விளக்கைப் போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். வழக்கம்போல் இரண்டு தட்டு. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில மக ரயில விட்டு எறங்கி வரும்போது நான் வாசல்ல இத உறும விட்டுக்கிட்டு நிப்பேன்" என்றார். "தெருவே பாக்கும்."

"சாப்பிடுங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"இந்த வண்டியப் பாத்தா அவ இருந்திருவாளா?"

அமலோற்பவம் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அவுக உங்ககிட்ட என்ன கேட்டாக?"

"ராத்திரிச் சோத்துக்கு வீட்டுக்கு வான்னா."

"வண்டி கேட்டாகளா?"

"அவ கேக்கல. நான்தான் சொன்னேன். வண்டியோடதான் வாசல மிதிப்பேன்னு."

"வீடு எங்கன?"

இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதே இல்லை. அவரும் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்தா, பின்தெருவு. மாவு மில்லுக்கு அடுத்த வீடு."

மாவு மில்லின் பெல்ட் ஓடுகிற சத்தம் கடைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்காத சாயங்காலமே அந்தக் கடையில் கிடையாது.

"அப்பம் லாரிய விட்டு எறங்கி எந்த வழியா வருவிய?"

அவர் தட்டின் ஓரத்தை விரலால் துடைத்தார்.

"அந்த வழியாத்தான். அவ உள்ள வேலையா இருப்பா. நான் தலையக் குனிஞ்சிக்கிட்டு வெரசா வந்துருவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். வெறுங்கையோட எப்படிம்மா போய் நிக்க? நாலு பேரு கேக்க சபதம் போட்டுட்டு..."

அமலோற்பவம் தட்டைப் பார்த்தாள். இதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டால், நாளை இல்லாவிட்டாலும் இன்னொரு நாள், செயின் தளர்ந்தது, நட்டு இளகியது என்று இந்த மனிதர் மறுபடி கடைக்கு வந்து எதிரில் உட்காருவார். சொன்னால் வரமாட்டார். அவளுக்கு அது தெரிந்தது. தூக்குச்சட்டியை மூடி ஓரமாக வைத்தாள். இந்தக் கதையில் யார் குரு என்று எனக்குச் சந்தேகமே வராதது இந்த இடத்தில்தான்.

"மேஸ்திரி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே. இருந்திருவாளா, போயிருவாளா?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. இத்தன நாளும் நீங்க இங்கன சாப்பிட்டுக் கை கழுவுற நேரத்துல, அவுக அங்கன உங்க பங்குச் சோத்துல தண்ணி ஊத்தியிருப்பாக."

தங்கப்பழம் எடுத்த கவளத்தை வாயில் வைக்கவில்லை. மாவு மில்லின் சத்தத்தையே கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தட்டை மெல்ல நகர்த்திவிட்டு, வண்டியைத் தொடாமல், பின்தெருவைப் பார்த்து நடந்தார்.